கம்பியில் கோத்த கடிதங்கள்

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள நண்பா,

வணக்கம். நலம், நலமறிய அவா. சார்ஜன் அண்ணன் சென்ற செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் காலமானார் என்று தொலைபேசியில் சொன்னபோது உன்னால் மேற்கொண்டு பேச முடியவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அன்று சொல்ல முடியாமல் போனவற்றை இப்போது எழுதுகிறேன்.

தகனத்துக்கு அவருடைய பழைய படைத்தோழர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். மலாய்க்காரர், சீனர், சரவாக்கிலிருந்து வந்து ஈப்போவில் குடியேறிவிட்ட ஓர் இபான் இனத்தவர் எல்லோரும் பெட்டியின் இருபுறமும் நின்று, நடுங்கும் கைகளை நெற்றிக்கு உயர்த்தி வணக்கம் செலுத்தியபோது அழாதவர்கள் இல்லை. பிறகு ஒருவர் பேசினார். இருபத்தொரு ஆண்டுகள் துப்பாக்கி ஏந்திய வீரர் என்றார். அதில் தவறில்லை. ஆனால் நீயும் நானும் அறிந்த மனிதர் அந்தப் பேச்சில் இல்லையே என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை.

1948 ஜூன் 16 அன்று நம் வட்டாரத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் தொடங்கியதல்லவா, அதற்கு அடுத்த ஆண்டு பிறந்தவர் அவர். முள்வேலிக்கும் ஊரடங்குக்கும் நடுவே தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவர், பத்தொன்பது வயதில் தாமாகவே மலேசிய இராணுவத்தின் ரேஞ்சர் படையில் சேர்ந்தார். தோட்டத்து வருமானத்தில் தம்பி தங்கைகளைக் கரையேற்ற முடியாது என்பதுதான் காரணம் என்று பின்னாளில் என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் படையின் முழக்கம் இபான் மொழியில் இருக்கும்: அகி இடுப், அகி ஙெலாபான். உயிர் உள்ளவரை போராடுவோம் என்று பொருள்.

1974-ஆம் ஆண்டு உனக்கு நினைவிருக்கும். கிரிக்கிலிருந்து ஜெலிக்குக் காட்டை வெட்டிக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை போட்டுக்கொண்டிருந்த காலம். சாலைப் பணியாளர்களைக் கம்யூனிஸ்டுகள் தாக்கிக்கொண்டிருந்ததால் இராணுவக் காவலோடுதான் வேலை நடந்தது. அண்ணன் அங்கேதான் இருந்தார் என்பது 1982-இல் அந்தச் சாலை திறக்கப்பட்ட பிறகுதான் நமக்குத் தெரிந்தது. கடிதங்களில் இடத்தின் பெயரை அவர் ஒரு முறையும் எழுதியதில்லை. மழை விடவில்லை, சோறு கிடைக்கிறது, அட்டைக்கடி பழகிவிட்டது என்று எழுதுவார். மூத்தவளுக்குக் காய்ச்சல் விட்டதா, அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கியாயிற்றா, கூரையில் ஒழுகுகிற இடத்தில் தகரம் போட்டாயா என்று கேட்பார். அவர் மனைவியான அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரப்பர் பால்வெட்டுக்குப் போய்வந்து, ஒட்டுப்பால் வாடை போகாத கையால் உறையைப் பிரித்து நம்மிடம் நீட்டுவார். நாம் திண்ணையில் உட்கார்ந்து மாறி மாறிப் படிப்போம். பதினொரு வயதில் அந்தக் குடும்பத்தின் கவலைகள் நமக்கு மனப்பாடம்.

ஒரு நாள் வந்த கடிதத்தில், பாதிப் பக்கத்துக்குக் கீழே ஒரு கோடு கிழித்து, "இதற்குக் கீழ் உள்ளதைத் தம்பிகள் படிக்க வேண்டாம், நீயே படி" என்று எழுதியிருந்தார். நான் படித்துவிடுவேனோ என்று பயந்து, நீ கட்டைவிரலால் அந்த மூன்று வரிகளையும் அழுத்தி மூடிக்கொண்டு, தாளை அப்படியே அக்காவின் கையில் வைத்தாய். அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுவாரம் நம்முடைய முதலாம் வகுப்புப் பாடநூலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று பிள்ளைகளையும் தூங்க வைத்துவிட்டு மண்ணெண்ணெய் விளக்கடியில் அ, ஆ எழுதிப் பழகினார். அதன்பின் வந்த கடிதங்களில் அண்ணனின் எழுத்து பெரிதாகிவிட்டது. குழந்தைக்கு எழுதுவதுபோல் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு எழுதத் தொடங்கினார். காட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த மனிதருக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று இன்றும் நான் வியக்கிறேன்.

விடுப்பில் வந்தால் அவர் ஓய்ந்து உட்கார்ந்ததில்லை. அக்கா நெற்றி விளக்கோடு பால் வெட்ட, இவர் பின்னாலேயே போய்ப் பால் வடியும் மங்குகளைத் துடைத்து வைப்பார், பால் வாளிகளைத் தோளில் காவி ஸ்டோருக்குக் கொண்டு போவார். சண்டையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஒரே ஒரு முறை, கண்ணிவெடியில் காலை இழந்த தோழனைப் பற்றித் தொடங்கி, பாதியில் எழுந்து போய்விட்டார்.

1989-இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று தாய்லாந்தின் ஹாட்யாயில் கம்யூனிஸ்டுகளுடன் அமைதி உடன்படிக்கை கையெழுத்தான செய்தியைப் பத்திரிகையில் வாசித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் விளக்கேற்றினார். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிபட்டபோது, பட்டணத்தில் வாங்கிய சிறு வீட்டில்தான் மூன்று பெண்களையும் படிக்க வைத்துக் கரையேற்றினார். கடைசி இரண்டு ஆண்டுகள் நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. மாலை நேரங்களில் அக்கா அந்தப் பழைய கடிதங்களை அவருக்கே வாசித்துக் காட்டுவார், தகரம் போட்டாயா என்ற இடம் வந்ததும், "போட்டாயா?" என்று அவரும் கேட்பாராம்.

கடைக்காரர்கள் ரசீது குத்தி வைப்பார்களே, அதுபோல் ஒரு கம்பியில் அத்தனை கடிதங்களையும் அக்கா கோத்து வைத்திருக்கிறார். பெட்டியில் வைத்து அனுப்பலாமா என்று பெண்கள் கேட்டதற்கு, "அவருக்கு எழுதியதா? எனக்கு எழுதியது" என்று சொல்லிவிட்டார். அந்தக் கோடு கிழித்த கடிதமும் அதில் இருக்கிறது. மடித்தபடியே இருந்தது, நான் தொடவில்லை.

வரும் புதன்கிழமை கருமக்கிரியை. நீ வருவாயா என்று அக்கா இரண்டு முறை கேட்டுவிட்டார். முதல் நாளே வந்து என் வீட்டில் தங்கிக்கொள். பேருந்து நிலையத்துக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்