நாலு மணி மாதிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய நீண்ட செய்தியை மூன்று முறை படித்துவிட்டேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் என்றால் நீ பாதியில் "சரிம்மா" என்பாய், நானும் அதோடு விட்டுவிடுவேன். இது அப்படி விட்டுவிடக்கூடிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் கையில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் சின்ன நிறுவனம். இன்னொன்று, பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைச் செல்பேசியில் நடத்தும் பெரிய நிறுவனம். சம்பளம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. "நான் ஒண்ணும் சூதாடப் போறதில்லையேம்மா, கணக்குத்தானே போடப் போறேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆனது. ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அளந்து எழுதும் வேலையை மட்டும்தான் செய்தேன்.

என் பழைய வேலையைப் பற்றி உனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். சாயப்பொருள் செய்யும் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன், கழிவுநீர்ச் சோதனை என் பொறுப்பு. நீரில் கலந்திருக்கும் கழிவை ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று பார்ப்பது சி.ஓ.டி. சோதனை. டைக்ரோமேட் என்ற ரசாயனமும் கந்தக அமிலமும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஆறியதும் பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து இன்னொரு கரைசலைத் துளித்துளியாக இறக்க வேண்டும். நீலப்பச்சையாக இருப்பது ஒரே துளியில் செம்பழுப்பாக மாறிவிடும். அந்தத் துளியைத் தவறவிடாத கை எனக்கு. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

சோதனைக்கான நீர் மாதிரியை மாலை நாலு மணிக்குத்தான் எடுக்க வேண்டும் என்பது அங்கே நடைமுறை. தொட்டிகளைக் கழுவிய நீர் காலையிலேயே போய்விடும். நாலு மணிக்கு ஓடுவதில் பாதிக்கு மேல் இயந்திரங்களைக் குளிர்விக்கும் நல்ல தண்ணீர். பாட்டிலில் இருந்ததைத்தான் அளந்தேன், வந்த எண்ணைத்தான் பதிவேட்டில் எழுதினேன். ஓர் எண்ணைக்கூட மாற்றியதில்லை. சில இரவுகளில் வாய்க்காலில் என்ன நிறத்தில் தண்ணீர் போகிறது என்று எனக்குத் தெரியும். வாயிற்காவலருக்கும் தெரியும். நான்கு ஆண்டுகள் அப்படியே போயின.

பிறகு ஒரு பெண் பயிற்சிக்கு வந்தாள். கல்லூரி முடித்த கையோடு வந்தவள். "ஏன் அக்கா எப்பவும் நாலு மணி? ஒரு நாள் காலைல எடுத்துப் பாக்கலாமே" என்று கேட்டாள். "தினமும் ஒரே நேரத்துல எடுத்தாத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட முடியும்" என்றேன். அறிவியல்படி குற்றம் சொல்ல முடியாத பதில். அவள் தலையாட்டிவிட்டு அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவரை எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை, முதல்முறையாக இன்னொருவருக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அன்றைக்கே விலகியதாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். விலக ஏழு மாதம் ஆனது. கடன் இருந்தது. அந்தச் சம்பளத்தை நம்பி வாங்கிய கடன் அது. நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி வேனை நிறுத்திவிட்டு நடந்து போனாயே, அந்த ஆண்டுதான்.

2015-இல் ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களின் விஷயம் வெளியே வந்தபோது, பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். தன்னை இப்போது சோதிக்கிறார்கள் என்பதை அந்த வண்டியின் மென்பொருள் கண்டுகொள்ளும். அந்த நேரத்துக்கு மட்டும் நைட்ரஜன் ஆக்சைடுகளை அடக்கிக்கொள்ளும். சாலையில் இறங்கிவிட்டால் பல மடங்கு கக்கும். உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்தது. என்னுடைய நாலு மணி மாதிரியை அவர்கள் இயந்திரத்துக்குள் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதை எழுதியவர்கள் எல்லாரும் உன்னைப் போல, என்னைப் போலப் படித்தவர்கள். நிரல்தானே எழுதுகிறோம் என்று அவர்களும் நினைத்திருப்பார்கள். பின்னால் சிறைக்குப் போனவர்களில் பொறியாளரும் உண்டு.

ஒரு தொழிலைப் பார்க்கும்போது, அங்கே எந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை என்று கவனிப்பது என் பழக்கம். பெட்ரோலில் ஈயம் கலந்த கதையைப் படித்ததிலிருந்து வந்த பழக்கம் இது. எஞ்சின் தட்டும் சத்தத்தை டெட்ராஎத்தில் ஈயம் என்ற சேர்மம் நிறுத்தும் என்று 1921-இல் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடன் இருந்தவர்களும் கண்டுபிடித்தார்கள். ஈயம் நஞ்சு என்பது அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. சரக்கு சந்தைக்கு வந்தபோது அதன் பெயர் 'எத்தில்'. ஈயம் என்ற சொல்லை மட்டும் காணவில்லை. 1924-இல் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்து இறந்துபோனார்கள். அந்தச் சமயத்தில் மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, அதைத் தன் கைகளில் ஊற்றிக் காட்டி, முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஈயம் தன் உடம்பில் ஏறியதற்காக அவரே ஓய்வெடுத்துத் திரும்பியிருந்தார். அடுத்த ஆண்டு நடந்த கூட்டத்தில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் எழுந்து எதிர்த்துப் பேசினார். அவர் பேச்சு எடுபடவில்லை. கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதைக் கடைசி நாடாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல். கண்டுபிடித்து நூறு வருடம் கழித்து.

உனக்கு வந்த வேலை விவரத்தை எனக்கும் அனுப்பியிருந்தாய் அல்லவா, அதை இந்தக் கண்ணோடுதான் படித்தேன். ஆட்களை ஆட்டத்திலேயே மூழ்க வைக்கும் 'என்கேஜ்மென்ட்' இருக்கிறது. விட்டுப் போகாமல் பிடித்து வைக்கும் 'ரிடென்ஷன்' இருக்கிறது. 'வி.ஐ.பி. வாடிக்கையாளர்' இருக்கிறது. 'இழப்பு' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆடுகிறவர்கள் மொத்தமாக இழப்பதுதான் அந்த நிறுவனத்தின் வருமானம். அதிலும் பெரும்பங்கு, அளவுக்கு மீறி இழக்கும் ஒரு சின்னக் கூட்டத்திடமிருந்தே வருகிறது என்று பல நாடுகளில் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். சூதாட்டத்தை விட முடியாமல் போவதை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. அப்படியென்றால் வி.ஐ.பி. என்று யாரைச் சொல்கிறார்கள் என்று நீயே யோசித்துப் பார்.

உன் வேலை என்ன என்பதை நீ எழுதிய விதத்திலேயே எழுதுகிறேன்: விளையாட்டை விடப் போகிறவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கணினி மாடல் செய்வது. இப்போது அதையே நான் எழுதுகிறேன். ஒருவன் ராத்திரி இரண்டு மணிக்கு, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, "போதும், இனிமேல் தொடக்கூடாது" என்று முடிவு செய்கிறான். வெகுநாளைக்குப் பிறகு அவன் எடுத்த நல்ல முடிவு அது. அவன் அப்படி முடிவு செய்யப் போகிறான் என்பதை அவன் மனைவிக்கு முன்னால் நீ தெரிந்துகொள்வாய். தெரிந்துகொண்டு அவனுக்கு ஒரு போனஸ் போய்ச் சேர வழி செய்வாய். நீ கெட்டிக்காரி, உன் மாடல் நன்றாகத்தான் வேலை செய்யும். என் கவலையே அதுதான்.

நான் இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டிருக்கிறேன். வாங்குகிறவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டாலும் இந்த வியாபாரம் தொடர்ந்து நடக்குமா? நடக்கும் என்றால் பெரும்பாலும் பயமில்லை. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நல்லதாகவே இருந்தாலும், இதில் சேராத யாராவது அதற்கு விலை கொடுக்கிறார்களா? வாய்க்காலுக்குக் கீழே இருந்தவர்கள் எங்கள் ஆலையிடம் ஒரு கிலோ சாயம்கூட வாங்கியதில்லை. ஆயுதம், புகையிலை, நிலக்கரி, வட்டிக்கடை என்று எந்தத் தொழிலைப் பற்றி யார் கேட்டாலும் இந்த இரண்டிலிருந்துதான் ஆரம்பிப்பேன். எல்லாவற்றுக்கும் நேரான பதில் வந்துவிடும் என்று நினைக்காதே. மின்சாரம் வேண்டும், அதனால் நிலக்கரி வேலைக்குப் போகிறேன் என்கிறவரிடம் என்னால் சண்டை போட முடியாது. நீ சொன்ன ஆட்டத்துக்கு மட்டும் இரண்டு கேள்விக்கும் எனக்குப் பதில் தெளிவாகவே வருகிறது.

அதற்காக மருத்துவமனை மென்பொருள் என்றதும் அது புனிதம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் பிராக்டிஸ் ஃப்யூஷன் என்று மருத்துவப் பதிவுகளுக்கு மென்பொருள் செய்த ஒரு நிறுவனம் இருந்தது. ஓபியாய்டு என்ற, அடிமையாக்கிவிடக்கூடிய வலி மருந்து செய்யும் நிறுவனம் ஒன்றிடம் பணம் வாங்கிக்கொண்டு, அந்த மாத்திரைகளை எழுதத் தூண்டும் அறிவிப்புகளை மருத்துவர்களின் திரையில் வரவைத்தார்கள். 2020-இல் 14.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். நோயாளியை எதிரில் வைத்துக்கொண்டு மருத்துவர் பார்க்கும் திரை அது! அந்த அறிவிப்பையும் உன் வயதில் யாரோ ஒருவர்தான் வடிவமைத்திருப்பார். ஆகவே நல்ல துறையில் சேர்ந்துவிட்டோம் என்று நீ நிம்மதியாகத் தூங்கிவிடவும் முடியாது. சேரும் முன்பே அவர்களிடம் கேள்: ஆண்டு முடிவில் எந்த எண்ணை வைத்து என்னை மதிப்பிடுவீர்கள்? அந்த எண் உயர்ந்தால் யாருக்கு நல்லது? பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

"நான் போகலைன்னா வேற யாராவது அந்த வேலையைச் செய்யத்தான் போறாங்க" என்றும் எழுதியிருந்தாய். ஆமாம், செய்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஜோசஃப் ராட்பிளாட் என்ற இயற்பியலாளர் அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் அணுகுண்டு வேலையில் இருந்தார். ஹிட்லர் கைக்கு முதலில் குண்டு போய்விடக்கூடாது என்ற பயத்தில் சேர்ந்தவர். ஜெர்மனியிடம் குண்டு வரப்போவதில்லை என்று தெரிந்ததும் 1944 கடைசியில் விலகிவிட்டார். அவர் விலகியதால் ஒன்றும் நிற்கவில்லை. அடுத்த ஆகஸ்டில் ஹிரோஷிமா. ஆனால் அவர் லண்டனில் ஒரு மருத்துவமனைக் கல்லூரியில் இயற்பியலை மருத்துவத்துக்குப் பயன்படுத்தும் வேலைக்குப் போனார், அணு ஆயுதங்களுக்கு எதிராக வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டார், 1995-இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் அவர் கட்டி வளர்த்த பக்வாஷ் என்ற விஞ்ஞானிகள் அமைப்புக்கும் கிடைத்தது. பரிசுக்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஐம்பது வருடத்துக்காகச் சொல்கிறேன். ஒரு மனுஷிக்கு வேலை செய்யக் கிடைப்பது முப்பது, நாற்பது ஆண்டுகள். இன்னொருவர் செய்வாரா என்பது அவருடைய ஆண்டுகளைப் பற்றிய கேள்வி. நான் உன்னுடைய ஆண்டுகளைப் பற்றிக் கேட்கிறேன்.

வேறு வழியில்லாமல் அப்படிப்பட்ட இடங்களில் வேலை செய்கிறவர்களை நீ ஒருநாளும் இளக்காரமாகப் பேசக்கூடாது. எங்கள் ஆலையில் பீப்பாய் உருட்டியவர்களின் கை நகங்களில் சாயம் எப்போதும் இருக்கும். அவர்களிடம் போய் வாய்க்காலைப் பற்றிக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அவர்களுக்கு இன்னொரு வேலை கையில் இல்லை. எனக்கு இருந்தது. உனக்கும் இருக்கிறது. அதனால்தான் உன்னிடம் இவ்வளவு கறாராகப் பேசுகிறேன்.

எந்த வேலைக்குப் போனாலும் ஒன்றைச் செய். முதல் ஆண்டு உன் செலவை இப்போது இருப்பது போலவே வைத்துக்கொள். ஆறு மாதச் செலவுக்கான பணத்தை யாரும் தொடாத இடத்தில் போட்டு வை. சம்பளத்தைக் காட்டி வாங்கும் கடன், அந்தச் சம்பளத்தைக் கொடுக்கிறவர்களுக்கு உன் வாயைக் கட்டிக் கொடுத்துவிடும். என் ஏழு மாதம் அப்படித்தான் போனது. அந்த ஏழு மாதத்திலும் தினமும் நாலு மணிக்குப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன், ஏன் போகிறேன் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே.

கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாய், நான் அங்கே சேர்ந்தால் உனக்கு அவமானமாக இருக்குமா என்று. அவமானம் இல்லை. நீ சேராமல் இருந்தால் நல்லது என்பது என் ஆசை, அதை மறைக்கவில்லை. மீறிச் சேர்ந்தாலும் இந்த வீட்டுக் கதவு உனக்கு என்றும் போலத்தான். ஆனால் வேலையைப் பற்றி நான் கேட்பேன். மற்ற அம்மாக்கள் போல "வேலை எல்லாம் நல்லா போகுதா" என்று கேட்டுவிட்டு நகர மாட்டேன். இந்த மாதம் என்ன செய்தாய், யாரைத் திரும்ப வரவைத்தாய் என்று கேட்பேன். நீயும் எனக்கு உண்மையான பதிலைச் சொல்ல வேண்டும்.

அந்தப் பயிற்சிப் பெண்ணிடம் நான் போய்ச் சரியான பதிலைச் சொல்லவே இல்லை. விலகிய நாளில்கூடச் சொல்லவில்லை. அவள் சிரித்துக்கொண்டே கையசைத்து வழியனுப்பினாள். அவளுடைய நோட்டில் என் பதில் அப்படியேதான் இருக்கும்.

அன்புடன்,
அம்மா