முதலில் பையனைக் கூப்பிட்டுக்கொள்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வீட்டுக் கணக்கை நிதானமாகப் பார்த்தேன். முதலில் பிலிப்பைன்ஸில் நம் ஊரான இலோய்லோவில் வீட்டைக் கட்டி முடிப்பது, அப்புறம் கொஞ்சம் சேர்த்துவைத்து, இரண்டு மூன்று வருடத்தில் மாப்பிள்ளையையும் பையனையும் நீ இருக்கும் இங்கிலாந்தின் லீட்சுக்கு அழைத்துக்கொள்வது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு இதில் சம்மதமில்லை. வீடு காத்திருக்கும், முதலில் அவர்களைக் கூப்பிட்டுக்கொள்.

இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம், எனக்கு அந்த வழியே இருந்ததில்லை. ஹாங்காங்கில் வீட்டு வேலைக்கு வரும் நாங்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. ஒப்பந்தம் இரண்டு வருடம், வேலை செய்கிற வீட்டிலேயேதான் படுக்க வேண்டும், வேலை போனால் பொதுவாக இரண்டு வாரத்தில் கிளம்பிவிட வேண்டும். மற்ற வெளிநாட்டவர் ஏழு வருடம் இருந்துவிட்டால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம், எங்களுக்கு அது இல்லை என்று 2013-இல் இங்குள்ள உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பணம் வேண்டுமென்றால் பிரிவும் கூடவே வந்தது, அவ்வளவுதான். உனக்கு அப்படி இல்லை. செவிலியர் விசாவில் கணவனும் பிள்ளையும் சேர்ந்து வரலாம். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கு வந்திருக்கும் உன் சிநேகிதிக்கு 2024 மார்ச்சிலிருந்து அந்த வழியும் அடைபட்டுவிட்டது. அவளைக் கேட்டுப் பார், வீடா பிள்ளையா என்று.

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஹாங்காங்கின் சென்ட்ரல் வட்டாரத்துக்கு வந்தால் தெரியும். சாட்டர் ரோட்டில் அட்டையை விரித்து உட்கார்ந்து நம் ஊர் பான்சிட் நூடுல்ஸைப் பகிர்ந்துகொள்கிறோம், ஒருத்திக்கு ஒருத்தி முடி வெட்டுகிறோம், ஆடுகிறோம், சிரிக்கிறோம். அது பொய்ச் சிரிப்பு இல்லை, அந்த ஒரு நாள் இருப்பதால்தான் மற்ற ஆறு நாளும் நகர்கிறது. ஆனால் பக்கத்து அட்டையில் ஒருத்தி போனைப் பிடித்துக்கொண்டு ஊரில் இருக்கும் மகனை வீட்டுப்பாடம் எழுத வைத்துக்கொண்டிருப்பாள், அவன் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவான். வாரம் முழுக்க இன்னொருவர் பிள்ளைக்கு ஊட்டிக் குளிப்பாட்டித் தூங்கவைத்து, அது 'ஜேஜே', அதாவது அக்கா, என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்போது மனசு எங்கே போகும் சொல். தூக்கம் வரவில்லை, தலைவலி, நெஞ்சு படபடப்பு என்று எத்தனை பேர் மாத்திரை வாங்குகிறார்கள். 1988-இல் நம் நாட்டு அதிபராக இருந்த கோரி அக்கினோ இங்கே வந்து எங்களைப் புதிய வீரர்கள் என்றார். அந்தப் பெயர் பெருமைதான், ஆனால் வீரர்கள் அழக் கூடாது என்று ஊரே எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டது. நீ அந்தப் பாரத்தைத் தூக்காதே.

அவர்கள் வந்து சேரும் வரை உன்னைப் பார்த்துக்கொள். ஹாங்காங்குக்கும் நம் ஊருக்கும் ஒரே நேரம், அதனால் நீ தூங்கப் போகும்போது நானும் தூங்கப் போகிறேன் என்ற ஆறுதலாவது எனக்கு இருந்தது. உனக்குக் குளிர்காலத்தில் எட்டு மணி நேர வித்தியாசம். இரவு டூட்டி முடிந்து காலை எட்டுக்கு நீ வெளியே வரும்போது அங்கே மாலை நாலு, பையன் பள்ளியிலிருந்து வந்திருப்பான். அப்போது பேசு. சாப்பிட்டாயா, படித்தாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதே, உன் நாளைப் பற்றியும் அவனுக்குச் சொல், களைப்பாக இருந்தால் களைப்பு என்றே சொல். மாப்பிள்ளை அவனுக்கு ஒரு முடிவு சொன்னால் அங்கிருந்து அதை மாற்றாதே, பக்கத்தில் இருப்பவர் பேச்சுதான் அவனுக்கு நிற்க வேண்டும்.

குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் அந்த ஊரில் லீவு நாளில் அறையிலேயே கிடக்காதே. உங்கள் வார்டில் இருக்கும் நம் ஊர் அக்காக்களோடு சர்ச்சுக்குப் போ, சேர்ந்து சமை. இந்தியர் கடையில் புளி கிடைக்கும், நம் புளிச் சூப், சினிகாங் வை. அழுகை பல நாள் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போ, நீயே செவிலியர், உனக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பையனுக்குப் பாஸ்போர்ட் எடுக்க இந்த வாரமே நேரம் வாங்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும், அதற்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று நீ பார்த்துச் சொல். சிமெண்டுக்கு எடுத்துவைத்த பணத்தை விசாக் கட்டணத்துக்குத் திருப்பிவிடு, குறைந்தால் என்னிடம் கேள்.

அன்புடன்,
அம்மா