பட்ட மரமல்ல, புரச மரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் கால் பக்கத்துக்கு ஒரு படம் வந்தது. கீழே இரண்டு வரி: ‘வெயில் கொடுமை! அமிர்தி சாலையில் கருகிப் பட்டுப்போன மரங்கள்.’ டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். கருகினது மரம் இல்லை ஐயா, எழுதினவருடைய பார்வைதான்.

நான் 28 வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். அதில் 11 வருஷம் வேலூர் – அமிர்தி தடம்தான். விடியற்காலை முதல் டிரிப்பில் கணியம்பாடி தாண்டினால் பாதி சீட் காலி. டிக்கெட் கிழிக்கிற வேலை முடிந்துவிட்டால் ஜன்னல்தான் எனக்குப் பேப்பர். அந்த வளைவும் தெரியும், அந்த மரங்களும் தெரியும். அவை புரச மரங்கள்.

மாசியில் புரசு இலையைக் கொட்டிவிடும். அப்புறம் மொட்டு கட்டும். மொட்டின் வெளித்தோல் கறுப்பு கலந்த பழுப்பில், வெல்வெட் துணி மாதிரி இருக்கும். இலையில்லாத கிளையில் அது கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருப்பதை ஓடுகிற காரிலிருந்து பார்த்தால் கருகின மாதிரிதான் தெரியும். சில நாள் பொறுத்து வந்திருந்தால் கிளையெல்லாம் கிளிமூக்கு மாதிரி வளைந்த ஆரஞ்சுப் பூவாக இருந்திருக்கும். தங்களுக்குத் தெரியாததா? சென்னையில் புரசைவாக்கத்துக்கே இந்த மரத்தால்தான் பெயர். அங்கே கங்காதீசுவரர் கோயிலுக்குத் தலமரமும் இதுதான்.

படத்தோடு வந்த செய்திக்கட்டுரை எப்படி ஆரம்பித்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ‘தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை.’ எங்கள் வேலூரைப் பற்றி எழுத யார் வந்தாலும் இதைச் சொல்லாமல் பேனாவைத் திறப்பதில்லை. கோட்டைக் கோயிலுக்குச் சாமி 1981-லேயே திரும்ப வந்தாகிவிட்டது. பாலாற்றில் 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தைத் தாங்களே முதல் பக்கத்தில் போட்டீர்கள். மலைக்கு மட்டும் தங்கள் பேப்பரில் விமோசனம் கிடையாது. டவுனைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளைப் பார்த்துச் சொன்ன பழமொழியை அமிர்தி இருக்கிற ஜவ்வாது மலை அடிவாரத்துக்கும் நீட்டினால் எப்படி? சரி, மரமே இல்லாத மலையில் பட்ட மரம் எங்கிருந்து வந்தது என்றாவது அலுவலகத்தில் யாராவது யோசித்திருக்கலாம்.

எங்கள் பக்கத்து ஊர் ஆர்க்காடு, அந்தப் பெயருக்கே ஆத்தி மரக் காடு என்றும், ஆறு காடு என்றும் இரண்டு விளக்கம் சொல்வார்கள். எது சரியோ, இரண்டிலும் காடு இருக்கிறது.

அடுத்த ஞாயிறு எட்டாவது படிக்கிற பேரனைக் கூட்டிக்கொண்டு அதே வளைவில் போய் இறங்கினேன். காப்புக்காடு என்பதால் சாலையை விட்டு நாங்கள் இறங்கவில்லை. ஒரு மரம் பாதி பூத்திருந்தது. அதில் மைனாவும் தேன்சிட்டும் கரிச்சானும் போட்ட சண்டையை எழுத இந்தத் தாள் போதாது. நடுவில் ஒரு அணில் பூவுக்குள் முகத்தை விட்டுத் தேனைக் குடித்துவிட்டு, மூஞ்சியெல்லாம் மஞ்சளாக வெளியே வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி, மலைச்சரிவில் கோங்கு மஞ்சளாக நின்றது. அதற்கும் இப்போது ஒரு இலை கிடையாது, அதையும் பட்டது என்பீர்களோ என்னவோ. சிறு பாலத்துக்குக் கீழே காய்ந்த ஓடையில் ஒரு கறையான் புற்று முழங்கை ஆழத்துக்குக் கிளறிக் கிடந்தது. விறகுச் சுமையோடு வந்த அம்மா ஒருத்தர், “கொழந்தைய இட்டுகினு இன்னும் மேல போவாதீங்கண்ணா, ராத்திரி கரடி வந்து பறிச்சிகினு போயிருக்குது” என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இலுப்பைப் பூ உதிரும் மாதங்களில் மலை ஜனங்கள் முதல் டிரிப்புக்குத் தனியாக வரமாட்டார்கள், நாலைந்து பேராகச் சேர்ந்துதான் வருவார்கள். பூவைத் தின்னக் கரடி இறங்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான்.

திரும்பும்போது ஒரு இலவ மரத்தடியில் மூன்று புள்ளிமான்கள், உதிர்ந்த சிவப்புப் பூவைக் குனிந்து தின்றுகொண்டிருந்தன. பேரன் மூச்சுவிடவில்லை. ஒரு மோட்டார் பைக் ஹாரன் அடித்ததில் எல்லாம் போயிற்று. 1967-லிருந்து அமிர்தியில் உயிரியல் பூங்கா இருக்கிறது, அங்கே கூண்டுக்குள் இருப்பதைப் பார்க்கப் போகிற அவசரத்தில் வெளியே நிற்பதை விரட்டிவிட்டுப் போகிறார்கள். அதே மான் தண்ணீர் தேடி ஊர்ப் பக்கம் வந்தால் தங்கள் பேப்பரில் ‘ஊருக்குள் புகுந்த மான்’. யானை வந்தால் ‘அட்டகாசம்’. போன வருஷம் விஷமே இல்லாத சாரைப் பாம்பைப் படம் போட்டு ‘கொடிய விஷப்பாம்பு பிடிபட்டது’ என்றீர்கள். அதற்கும் கடிதம் எழுதினேன். மே மாதம் வந்தால் ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு மட்டும் கலரில் முழுப் பக்கம் கிடைக்கிறது. தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்தால்தான் பூவா?

இதற்கா இவ்வளவு கோபம் என்று தாங்கள் நினைக்கலாம். எங்கள் ஏரிக்கரையில் ஒரு பெரிய புரசு இருந்தது. சில வருஷம் முன்பு இதே மாசியில், பட்ட மரம் என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி வெட்டிவிட்டார்கள். எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. வெட்டின இடத்தில் ரத்தம் மாதிரிச் சிவப்புப் பிசின் கசிந்து இறங்கியது. பட்ட மரத்தில் பிசின் வருமா? அடுத்த மழைக்கு அடிக்கட்டையிலிருந்து மூன்று மூன்று இலையாகத் துளிர்த்தது. வெட்டினவர் அதே வழியாகத்தான் தினமும் பைக்கில் போகிறார், திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இப்போது பேப்பரே பட்ட மரம் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டால் அமிர்தி சாலையில் கோடரிக்கு யார் பதில் சொல்வது?

ஆகவே நான் கேட்பது இரண்டே வரி. ‘அன்று வெளியான படத்தில் இருப்பவை பட்ட மரங்கள் அல்ல, பூக்கும் பருவத்திலிருந்த புரச மரங்கள்’ என்று ஒரு திருத்தம். பெரிய எழுத்தில் வேண்டாம், ராசிபலனுக்குக் கீழே இடம் இருந்தாலும் போதும். பேரன் செல்போனில் எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு இணைத்திருக்கிறேன். தங்கள் படத்தில் இருக்கிற அதே கிலோமீட்டர் கல் இதிலும் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்.

பின்குறிப்பு: திருத்தம் போடுவதானால் அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை படித்துப் பார்க்கவும். மூன்று வருஷம் முன்பு நான் எழுதிய ஒரே ஒரு கடிதத்தைப் பிரசுரித்தீர்கள், நாலு வரியாகக் குறைத்து. அதில் ‘எங்கள் வீட்டெதிரே இலவு’ என்று நான் எழுதியது ‘எங்கள் வீட்டெதிரே இழவு’ என்று வந்திருந்தது. மத்தியானத்துக்குள் என் மச்சான் மாலையோடு வந்து நின்றார்.