கதைக்குக் கீழ போடுற ‘நீதி’ கட்டத்த எடுத்துடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட ஞாயித்துக்கிழமை சிறுவர் பக்கத்த வாரா வாரம் எடுத்து வச்சு எங்க தெரு புள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டுறவ நான், அந்த உரிமையிலதான் இத எழுதுறேன். ஒவ்வொரு கதை முடிஞ்சதும் கீழ ஒரு கட்டம் கட்டி “நீதி: பொய் சொல்லக் கூடாது”, “நீதி: பெரியவங்க பேச்சைக் கேக்கணும்”னு போடுறீங்களே, தயவுசெஞ்சு அத எடுத்துடுங்க. நல்ல குணத்த சொல்லிக்குடுக்க வேணாம்னு நான் சொல்ல வரல, சின்ன வயசுலயே அது ஊறணும், அதுக்கு படம் போட்ட கதைப் புத்தகத்த விட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா அந்த ஒத்த வரி நீதி, கதை பாத்துக்கிட்டு இருக்குற வேலைய பாதியிலயே நிறுத்திடுது.

நான் தமிழ்நாடு அரசோட இல்லம் தேடிக் கல்வி திட்டத்துல தன்னார்வலரா இருந்தவ. 2021 அக்டோபர்ல மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்துல அத தொடங்கி வச்சாங்க, கொரோனாவுல ஒன்றரை வருஷத்துக்கு மேல பள்ளிக்கூட வாசலையே பாக்காத புள்ளைங்க அப்ப எங்ககிட்ட வந்துச்சுங்க, எழுத்துக்கூட தெரியாம ரெண்டாங் கிளாஸ் மூணாங் கிளாஸ் போற புள்ளைங்க, அதுங்களுக்கு படிச்சுக் காட்டுறதுக்கு படப் புத்தகத்த விட்டா எனக்கு வேற வழியே இல்ல. அப்புறம் அந்த பழக்கம் நிக்கல, இப்பவும் சாயங்காலம் ஆனா பால்வாடி போற வாண்டுங்கள்லேர்ந்து மூணாங் கிளாஸ் வரைக்கும் திண்ணையில வந்து உக்காந்துடுதுங்க.

ஒரு நாள் ஒரு புத்தகம் படிச்சோம், அதுல ஒரு பொண்ணு தம்பியோட பொம்மைய எடுத்து முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிக்கிட்டு நிப்பா, தம்பி அழுதுகிட்டு எதிர்ல நிப்பான், அந்தப் பக்கத்துல எழுத்தே கெடையாது. நான் பக்கத்த திருப்பப் போனேன், நாலு வயசு வாண்டு ஒண்ணு கைய வச்சு நிறுத்திடுச்சு. “அக்கா அவ கால பாரு, வெரல சுருட்டி வச்சிருக்கா, பயப்படுறா”ன்னுச்சு. உத்துப் பாத்தா வரைஞ்சவங்க நெசமாவே கால் வெரலெல்லாம் தரையப் புடிச்சிருக்கற மாதிரி வரைஞ்சிருக்காங்க, எனக்கு அது கண்ணுலயே படல. அவ்ளோதான், ஆரம்பிச்சுடுச்சுங்க. அவ ஏன் பயப்படுறா, அம்மா அடிப்பாங்கன்னா, இல்ல இல்ல தம்பி அழுவுறான்ல அதான் அவளுக்கே ஒரு மாதிரி இருக்கு, இப்ப திருப்பிக் குடுத்துடுவாளா, குடுத்தா எப்படி குடுப்பா, தெரியாத மாதிரி கட்டிலுக்கு அடியில போட்டுட்டு அங்க இருக்கு பாருன்னு சொல்லிடுவாளா. இந்தக் கடைசி யோசனைய சொன்ன பையன் சொந்த அனுபவத்துலதான் சொன்னான்னு நெனக்கிறேன், எல்லாம் அவன பாத்து சிரிச்சுதுங்க, அப்புறம் ஒருத்தி “அது பொய்தானடா”ன்னா, அவன் ரொம்ப நேரம் பேசவே இல்ல. அன்னிக்கு அந்த ஒரு பக்கத்த தாண்டவே இல்ல.

அதே புள்ளைங்ககிட்ட “இந்தக் கதையோட நீதி என்ன”ன்னு கேட்டுப் பாருங்க. எல்லாம் ஒரே கொரல்ல இழுத்து “பொய் சொல்லக் கூடாஆஆது”ன்னு சொல்லிட்டு அடுத்த கதைக்குத் தாவிடும். வாய்ப்பாடு ஒப்பிக்கற மாதிரிதான், அந்தப் பொண்ணோட கால் வெரல் அதுங்க மனசுல இருக்காது.

இது என் அபிப்ராயம் மட்டும் இல்ல. டொரண்டோ பல்கலைக்கழகத்துல காங் லீன்னு ஒரு பேராசிரியரும் அவர் கூட இருக்கறவங்களும் 2014ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மூணு வயசுலேர்ந்து ஏழு வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்கள தனியா ஒரு ரூம்ல விட்டு, இந்த பொம்மைய திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டு வந்து, ஒரு கதை படிச்சுட்டு, அப்புறம் பாத்தியான்னு கேட்டிருக்காங்க. பொய் சொன்னா மூக்கு நீளுற கதை, ஓநாய் வருதுன்னு பொய் சொன்ன பையன் கதை (நம்ம ஊர்ல புலி வருது), இந்த ரெண்டு கதையும் கேட்ட புள்ளைங்க உண்மைய சொல்றதுல ஒரு மாத்தமும் இல்ல. ஆனா ஜார்ஜ் வாஷிங்டன் சின்ன வயசுல செர்ரி மரத்த வெட்டிட்டு நான்தான்பா வெட்டினேன்னு அப்பாகிட்ட ஒத்துக்கிட்டாரு, அப்பா சந்தோஷப்பட்டாருன்னு ஒரு கதை இருக்கே, அத கேட்ட புள்ளைங்கதான் அதிகமா உண்மைய சொல்லியிருக்கு. அதே கதையோட முடிவ மாத்தி, உண்மைய சொன்னதுக்கு நல்லது நடந்த மாதிரி இல்லாம படிச்சப்ப அந்த பலன் போயிடுச்சாம். அதாவது பயமுறுத்துற கதை வேல செய்யல, உண்மை சொன்னா என்ன நல்லது நடக்குதுன்னு காட்டுற கதை வேல செஞ்சிருக்கு. நம்ம நீதிக் கதைங்கள்ல பாதிக்கு மேல யாருக்காவது அடி விழுறதுல, யாரையாவது புலி தின்னுடுறதுலதான முடியுது, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

அடுத்தது படம். இதப் பத்தி யாருமே பேசறதில்ல, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். எழுத்துல “எல்லாரையும் சமமா நடத்தணும்”னு இருக்கும், படத்துல திருடன்னா கறுப்பா, சட்டை இல்லாம, லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு இருப்பான், நல்லவங்க எல்லாம் செவப்பா பேண்ட் சட்டையில இருப்பாங்க. எங்க பக்கம் கடலுக்குப் போற அப்பாங்க எல்லாம் லுங்கிதான் சார் கட்டுறாங்க, வெயில்ல கறுத்துதான் இருப்பாங்க. ஒரு அஞ்சு வயசுப் பொண்ணு அந்த மாதிரி ஒரு படத்த காட்டி “இது எங்கப்பா மாதிரி இருக்காரு”ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா, நான் அந்தக் கதைய அதுக்கு மேல படிக்காம மூடி வச்சிட்டேன். அந்தப் படம் அந்தக் கொழந்தைக்கு என்ன சொல்லிக்குடுக்குது? கீழ இருக்குற நீதிய அவ படிக்கப் போறதில்ல, அவளுக்கு இன்னும் எழுத்துக்கூட்டவே வராது, படத்ததான் படிக்கிறா. அதே மாதிரி அம்மான்னா எப்பவும் அடுப்பு பக்கத்துல, அப்பான்னா நாற்காலியில பேப்பர் படிச்சுக்கிட்டு. வரையிறவங்க மனசுல கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, பழக்கத்துல வரைஞ்சுடுறாங்க, ஆனா புள்ளைங்க அத பாத்துதான் வளருது.

மிருகங்கள வச்சு சொல்றத பத்தியும் ஒண்ணு சொல்லணும். அதே டொரண்டோவுல இன்னொரு ஆய்வு 2017ல வந்துச்சு, பங்கிட்டுக் குடுக்கறத பத்தின ஒரே கதைய மனுஷப் புள்ளைங்கள வச்சும், சட்டை போட்ட மிருகங்கள வச்சும் படிச்சுக் காட்டுனதுல, மனுஷப் புள்ளைங்க கதைய கேட்டதுங்கதான் அப்புறம் தங்கிட்ட இருந்த ஸ்டிக்கர மத்தவங்களுக்கு அதிகமா குடுத்துச்சாம். இதுக்காக காக்கா நரி கதைய தூக்கிப் போட்டுடணும்னு நான் ஒத்துக்க மாட்டேன், அது நம்ம பாட்டிங்க சொத்து, புள்ளைங்களுக்கு அதுல அவ்ளோ சந்தோஷம். ஆனா வாரா வாரம் சிங்கமும் முயலுமே வந்துக்கிட்டு இருந்தா எப்படி, நடுநடுவுல நம்ம தெருவுல ஓடுற ஒரு புள்ளையும் வரட்டுமே.

நல்ல புத்தகம் கெடைக்கலன்னு சொல்ல முடியாது. நேஷனல் புக் டிரஸ்டும், கார்ட்டூனிஸ்ட் சங்கர் ஆரம்பிச்ச சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் 1957லேர்ந்து இருக்கு. சென்னையில தாரா 1994லேர்ந்தும் தூலிகா 1996லேர்ந்தும் படப் புத்தகம் போடுறாங்க, பிரதம் புக்ஸ்காரங்க 2015ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர்ங்கற வெப்சைட்ல தமிழ்லயே ஏகப்பட்ட கதை இலவசமா இருக்கு, போன்லயே பாக்கலாம், எழுதினவங்க வரைஞ்சவங்க பேர போட்டுட்டு பிரிண்ட் எடுத்துக் குடுக்கறதுக்கும் அனுமதி இருக்கு. நான் ஜெராக்ஸ் கடையில பெருசா எடுத்துதான் படிச்சுக் காட்டுறேன், பின்னாடி உக்காந்திருக்கற புள்ளைக்கும் தெரியணும்ல. நம்ம அரசாங்கமே 2023ல வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா சின்னச் சின்ன புத்தகமா போட்டு அரசுப் பள்ளிக்கூடங்களுக்குக் குடுத்துச்சு, நல்ல வேலை அது. ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒரு பள்ளிக்கூடத்துல புத்தகம் கிழிஞ்சிடும், ஆடிட்டுக்கு பதில் சொல்லணும்னு பீரோவுல வச்சு பூட்டி வச்சிருக்காங்க. கிழியட்டும் சார், நாலு புள்ள புரட்டினா கிழியத்தான் செய்யும், செல்லோடேப் போட்டு ஒட்டிக்கலாம். இந்தப் பக்கம் நெய்வேலி புத்தகக் கண்காட்சி நடக்குது, அந்தப் பக்கம் பாண்டிச்சேரிக்கு ஒரு பஸ்ஸு ஏறுனா 1827ல ஆரம்பிச்ச ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கு, பாக்கப் போனா நம்ம ஊரு புள்ளைங்களுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல, கையில எடுத்துக் குடுக்கத்தான் ஆள் இல்ல.

இல்லாதது ஒண்ணு இருக்கு, நம்ம ஊருக் கதைங்க. வடலூர்ல வள்ளலார் 1867ல பத்தவச்ச அடுப்பு இன்னிக்கும் அணையாம எரியுது, பசிச்சு வந்தவங்க யாரா இருந்தாலும் சாப்பாடு, இரக்கத்துக்கு இத விட பெரிய படக்கதை எங்க இருக்கு? சுனாமி, 2011ல தானே புயல், 2024ல ஃபெஞ்சல் புயல்ல வந்த வெள்ளம், ஒவ்வொரு தடவையும் மாடி வீட்டுக்காரங்க கீழ் வீட்டுக்காரங்களுக்கு எடம் குடுத்து ஒரே பானையில சமைச்சு சாப்பிட்டாங்க. கடல்ல பக்கத்துப் படகு எஞ்சின் நின்னு போச்சுன்னா தன் வலைய சுருட்டிட்டு கயிறு கட்டி இழுத்துட்டு வர்றாங்க, அன்னிக்கு மீன் போச்சே டீசல் போச்சேன்னு பாக்கறதில்ல. இத யாராவது எழுதி, நம்ம புள்ளைங்க மூஞ்சி மாதிரியே வரைஞ்சு குடுக்கணும்.

“நீதிய சொல்லலன்னா சின்னப் புள்ளைக்கு எப்படிம்மா புரியும்”னு பெத்தவங்க எங்கிட்ட கேக்குறாங்க, நியாயமான கேள்விதான். சும்மா படிச்சுட்டு மூடி வச்சிட்டா புரியாதுதான். பக்கத்துல உக்காந்து, அவசரப்படாம, “இப்ப இவன் மனசுல என்ன இருக்கும்”, “நீயா இருந்தா என்ன பண்ணுவ”ன்னு ஒரு கேள்வி கேட்டுட்டு காத்திருங்க, புள்ள தப்பா சொன்னாலும் உடனே திருத்தாதீங்க. அதே புத்தகத்த திரும்பத் திரும்ப கேக்கும், சலிச்சுக்காம படிங்க, ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ண கண்டுபிடிக்கும். பத்து நிமிஷம் போதும், சோறு ஊட்டறப்ப போன குடுக்கறதுக்குப் பதிலா கூட இத செய்யலாம்.

அதனால ஆசிரியர் சார், என் கோரிக்கை இதான். அந்தக் கட்டத்துல நீதிக்குப் பதிலா புள்ளைங்கள யோசிக்க வைக்கிற ஒரு கேள்வி போடுங்க. மாசத்துல ஒரு வாரமாவது எழுத்து கம்மியா, படம் பெருசா, அரைப் பக்கத்துக்கு ஒரு கதை வரட்டும், கடலூர் பாண்டிச்சேரி பக்கம் நல்லா வரையிற பசங்க நெறைய பேர் இருக்காங்க, கேட்டா வரைஞ்சு குடுப்பாங்க. எழுதினவங்க பேருக்குப் பக்கத்துலயே வரைஞ்சவங்க பேரையும் அதே சைஸ்ல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவனாம்பட்டினம், கடலூர்.