‘ரெஸ்பெக்டட் சர்’ வேணாம் தம்பி

லீட்ஸ்,
9 நவம்பர்

தம்பிக்கு,

உன் கடுதாசிக்குப் பதில் போடலைன்னு அம்மா போன்ல குறைபட்டுச்சு. வேலை ஜாஸ்தி, வேற ஒண்ணுமில்ல. இங்க நாலரைக்கெல்லாம் இருட்டிருது. ஹீட்டர் போட்டா எனக்குத் தொண்டை வறளுது, அதனால ரெண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டுப் போர்வைக்குள்ள உக்காந்து எழுதுறேன். இந்த வரியை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டாத.

யுனிவர்சிட்டிக்கு நீ எழுதின லெட்டரைப் பாத்தேன். ‘ரெஸ்பெக்டட் சர்’னு ஆரம்பிச்சு, ‘பை காட்ஸ் கிரேஸ்’னு அவங்க குடும்பத்தையே நலம் விசாரிச்சு, மூணாவது பத்தியிலதான் எதுக்கு எழுதுறேன்னே சொல்ற. நலம் விசாரிப்பெல்லாம் கூட்டாளிக்கு எழுதறப்ப வச்சுக்க. ஆபீஸுக்கு எழுதுனா முதல் வரியே ‘ஐ ஆம் ரைட்டிங் டு’ன்னு காரியத்துக்கு வந்துறணும். வாடிப்பட்டி தாலுகா ஆபீஸ் மனுவுல அப்பா ‘பொருள்’, ‘பார்வை’ போடுவாருல்ல, அந்த வேலையை ஈமெயில்ல சப்ஜெக்ட் லைன் செய்யுது. கோர்ஸ் பேரு, அப்ளிகேஷன் நம்பர், உனக்கு என்ன வேணும், இந்த மூணும் அதுல இருக்கட்டும். ‘ரிக்வெஸ்ட்’னு மட்டும் போட்டா எவனும் திறக்க மாட்டான்.

‘ரெஸ்பெக்டட்’ இங்க யாரும் எழுதுறதில்ல. ஆள் பேரு தெரியலைன்னா ‘டியர் சர் ஆர் மேடம்’, முடிவுல ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’. பேரு தெரிஞ்சா ‘டியர்’ போட்டு, மிஸ்டரோ டாக்டரோ பட்டத்தோட குடும்பப் பேரு, முடிவுல ‘யுவர்ஸ் சின்சியர்லி’. இந்த ஜோடியை மாத்திப் போட்டா வயசானவங்க கண்ணுல உடனே படும். பொம்பளைங்களுக்கு, கல்யாணம் ஆச்சா இல்லையான்னு காட்டாத எம், எஸ் ரெண்டெழுத்துப் பட்டம்தான் பாதுகாப்பு. முதல் பேரோட மிஸ்டரை ஒட்டாத, அது நம்மூர்ப் பழக்கம். அமெரிக்காவுக்கு எழுதுனா வெறும் ‘சின்சியர்லி’ போதும். ஈமெயிலுக்கு ரெண்டு நாட்டுலயும் ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’ ஒத்துக்குவாங்க.

‘ஐ பாஸ்டு அவுட் இன் 2023’னு எழுதியிருக்க. படிக்கிறவங்களுக்கு நீ அந்த வருஷம் மயக்கம் போட்டு விழுந்த மாதிரி இருக்கும். ‘கிராஜுவேட்டட்’னு மாத்து. ‘ஐ ஹாவ் எ டவுட்’டுன்னா அவங்க சொன்னதை நம்பலைன்னு ஆயிரும், ‘கொஸ்டின்’னு போடு. ‘கைண்ட்லி டு த நீட்ஃபுல்’ங்கிறது வேண்டவே வேணாம். எந்தப் பேப்பரை எந்தத் தேதிக்குள்ள அனுப்பணும்னு விவரமாக் கேளு.

மரியாதை விஷயத்துலதான் நம்மாளுங்க நிறையத் தடுமாறுறாங்க. நமக்கு ‘அனுப்பு’ங்கிறதை ‘அனுப்புங்க’ன்னு ஆக்கிட்டாப் போதும். இங்க எல்லாருக்கும் ஒரே ‘யூ’தான், வினையிலயும் மரியாதை ஒட்டாது. ‘ப்ளீஸ் செண்ட்’னு எழுதுனாலும் உத்தரவு மாதிரித்தான் விழும். அதனால கேட்கிறதைக் கொஞ்சம் தள்ளி நின்னு கேட்கிறாங்க: ‘குட் யூ’, இன்னும் தள்ளி ‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்’. இப்ப வேணுங்கிறதைக்கூட ‘ஐ வாஸ் வொண்டரிங்’னு இறந்தகாலத்துல கேட்பாங்க. முடியாதுன்னு சொல்ல எதிராளிக்கு இடம் விடுறதுதான் இங்க மரியாதை.

ஆனா பழகினவங்ககிட்ட இதையே செஞ்சா அடி விழுந்த மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் குப்பைத் தொட்டி பத்தி என் கதவுல சீட்டு ஒட்டுவாரு. மனசு நல்லா இருந்தா ‘ஹாய்’, கீழ ‘தேங்க்ஸ்’. ‘டியர் நெய்பர், ஐ வுட் பி மோஸ்ட் கிரேட்ஃபுல்’னு வந்துச்சுன்னா மனுஷன் கொதிச்சுப் போயிருக்காருன்னு அர்த்தம். நீ என்ன பண்ணு, முதல் மெயிலை முறையா எழுது. அவங்க ‘ஹாய்’ போட்டு முதல் பேர்ல கையெழுத்துப் போட்டா, அடுத்ததுல நீயும் ஒரு படி இறங்கலாம். அவங்களுக்கு முன்னாடி இறங்காத.

வார்த்தைக்கு வா. 1066-ல பிரான்ஸ்ல இருந்து நார்மன்காரன் இங்க வந்து ஆட்சியைப் பிடிச்சதுல கோர்ட்டு, அரண்மனையெல்லாம் பிரெஞ்சு ஆயிருச்சு, இங்கிலீஷ் வீட்டுலயும் வயக்காட்டுலயும் தங்கிருச்சு. ஒண்ணுக்கு ரெண்டு வார்த்தை இருக்கிறதுல பாதி அந்தக் கதைதான். ‘ஆஸ்க்’ வீட்டுச் சொல்லு, ‘ரிக்வெஸ்ட்’ கோர்ட்டுச் சொல்லு. ‘ஹெல்ப்’புக்கு ‘அசிஸ்ட்’, ‘பை’க்கு ‘பர்சேஸ்’. ‘புட் ஆஃப்’ மாதிரி ஒட்டு வினைக்குப் பதிலா ‘போஸ்ட்போன்’ போடலாம். அதுக்காக ‘யூஸ்’ போதுங்கிற இடத்துல ‘யூடிலைஸ்’ போடாத. எளிமையா எழுதணும்னு 1979-லயே இங்க ‘ப்ளெய்ன் இங்கிலீஷ் கேம்பெய்ன்’னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க. முறையா எழுதறது வேற, கனமா எழுதறது வேற.

மிச்சம் சில்லறை. ‘டோண்ட்’டை ‘டு நாட்’னு விரிச்சு எழுது. ஆச்சரியக்குறி ஒண்ணுகூட வேணாம். 5/6-னு தேதி போட்டா இங்க ஜூன் அஞ்சு, அமெரிக்காவுல மே ஆறு. மாசத்தை எழுத்துல எழுதிரு. கடைசி வரி ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’. ‘ஹியர்’னு விட்டிருக்க, ‘ஹியரிங்’ வரணும்.

சாப்பாட்டுக்குக் குறை இல்லைன்னு அம்மாகிட்டச் சொல்லு. இலங்கைக்காரர் கடையில வெத்தலை வந்திருந்துச்சு. ஓரமெல்லாம் கருகினது, நாலே நாலு, ஒன்றரை பவுண்டாம். நம்ம சோழவந்தான் கொடிக்கால்ல காலு வைக்கறப்ப வருமே ஒரு ஈர வாசம், அது இருக்கான்னு மோந்து பாத்துட்டு வச்சுட்டேன். கடைக்காரர் ஒரு மாதிரி பாத்தாரு. வைகாசிக்கு மாரியம்மன் திருவிழாவுக்கு வரலாம்னுதான் இருக்கேன், லீவு கேட்கணும். டிக்கெட்டைப் பத்தி இப்பப் பேச வேணாம்.

அப்பத்தாவுக்குக் கண்ணு பார்க்க அரவிந்துக்குக் கூட்டிட்டுப் போனீங்களா? சர்க்கரை மாத்திரைச் சீட்டை மறக்காம எடுத்துட்டுப் போங்க, ஆபரேஷனுக்கு முன்னாடி கேட்பாங்க. வரப்புத் தகராறுல சித்தப்பாகிட்ட நீ வாயைக் குடுக்காத. பட்டா நகலை வச்சு அப்பாவை அளவைக்கு மனு போடச் சொல்லு, சர்வேயர் வந்து கல்லு ஊனினப்புறம் பேசிக்கலாம். இந்த மாசம் பணம் 20 தேதிக்கு மேலதான் வரும், பேங்க்குல ஏதோ மாத்துறாங்க. அதுவரைக்கும் நகைக்கடன் வட்டிக்கு மாமாகிட்டக் கேட்டு வாங்கிக் கட்டிரு. நான் கேட்கச் சொன்னேன்னு சொல்ல வேணாம். கட்டின ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, லெட்டரையும் திருத்தி அதோடயே அனுப்பிரு.

அக்கா