திருப்பணிக் குழுவினருக்கு ஓர் ஆச்சி எழுதும் மடல்

செட்டிநாட்டு ஊர்களில் நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களாகிய நம் நகரக் கோயில் கும்பாபிஷேகப் பொறுப்பை ஏற்றிருக்கும் காரியக்காரர்களுக்கும், திருப்பணிக் குழுவில் இருக்கும் அண்ணன் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

எந்த ஊர்க் குழுவுக்கு எழுதுகிறேன் என்று பெயர் போடவில்லை. போட்டால் அந்த ஊர்ச் சண்டையாக முடிந்துவிடும். அதோடு, சமீபத்தில் என் கைக்கு வந்த அழைப்பிதழ்களும் வாட்ஸ்அப்பில் வந்த நன்கொடை அறிவிப்புகளும் எந்த ஊரிலிருந்து வந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வைர உபயதாரர், பிளாட்டின உபயதாரர், தங்க உபயதாரர், வெள்ளி உபயதாரர். வைரத்துக்கு மகாமண்டபச் சுவரில் கருங்கல்லில் பெயர், விழா மலரில் முழுப்பக்கக் குடும்பப் படம், யாகசாலையில் முன்வரிசை நாற்காலி, கோபுரத்தில் குடம் ஊற்றும்போது மேலே ஏறி நிற்க அனுமதிச் சீட்டு. வெள்ளிக்குப் பெயர் மட்டும், பொடி எழுத்தில். அதற்கும் கீழே கொடுக்கிறவர்களுக்கு 'மற்றும் பலர்'.

அந்த மற்றும் பலரில் ஒருத்தியாகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் சங்கடம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. புள்ளிகள், அதாவது கோயில் வரி கட்டும் குடும்பங்கள், சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஸ்தபதி கூலி, கல், கலசத்துக்குப் பொன் பூச்சு, யாகசாலைச் செலவு, மூன்று வேளைப் பந்தி எல்லாம் ஏறிக்கொண்டே போகிறது. போன் செய்தால் எடுக்காத ஆள்கூட, "வைரத்தில் உங்கள் பங்காளி சேர்ந்துவிட்டார்" என்று செய்தி அனுப்பினால் பத்து நிமிஷத்தில் கூப்பிடுகிறார். அந்த வித்தை பலிக்கிறது என்பதால்தான் எல்லா ஊரும் அதைப் பிடித்துக்கொண்டது. பலிக்கிறது, சரி. ஆனால் எதைக் கிளறிவிட்டு அந்தப் பணத்தை வாங்குகிறோம்? பங்காளியை மிஞ்ச வேண்டும் என்கிற எரிச்சலை. அந்த எரிச்சலைத் தூண்டிப் பிடித்த காசில்தான் சிவனுக்குக் குடமுழுக்கு.

நம் கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் பூசலார் நிற்கிறார். பிராகாரம் சுற்றும்போது அவரைத் தாண்டித்தான் போகிறோம். திருநின்றவூர்க்காரர், கையில் காசில்லை. கேட்ட இடத்திலும் கிடைக்கவில்லை. மனசுக்குள்ளேயே கல் சேர்த்தார், தச்சரை அழைத்தார், அடித்தளம் போட்டார், விமானம் ஏற்றினார், கிணறு வெட்டினார், மதில் கட்டினார், குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சிபுரத்தில் பல்லவ மன்னன் கற்கோயில் கட்டி முடித்து நாள் குறித்திருந்தான். முதல் நாள் இரவு கனவில் ஈசன் வந்து, "நாளைக்கு நின்றவூரில் பூசலன் கட்டிய கோயிலுக்குப் போகிறோம், உன் விழாவை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்" என்று சொல்லிவிட்டார்.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது பூசலார் ஜெயித்தார், ராஜா தோற்றார் என்றுதான் எனக்குப் பட்டது. இப்போது ராஜாவைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். அவன் கட்டிய கோயில் பொய் இல்லை, செலவழித்த பொன்னும் பொய் இல்லை. அவ்வளவு செய்துவிட்டு, தன் விழாவைத் தள்ளிவைத்துவிட்டு, நின்றவூருக்குப் போய், "பூசலார் கட்டிய கோயில் எங்கே?" என்று தெருத்தெருவாய் விசாரித்தானே! அப்படி ஒரு கோயிலே இங்கே இல்லை என்று ஊர் சொல்லியும், அவரைத் தேடிப்போய்க் காலில் விழுந்தான். கொடுக்கிறவனுக்கு இருக்க வேண்டிய அடக்கம் அது. நம் வைர உபயதாரர் ஒருவரிடம், "உங்கள் கல்வெட்டுக்கு முன்னால் ஒரு கைம்பெண் ஆச்சியின் பெயர் வருகிறது" என்று சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று.

நமக்கு நாயன்மார் வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை. நம்முடைய கோயில் வரிப் புத்தகத்திலேயே இது இருக்கிறது. கல்யாணமானவுடன் ஒருவன் ஒரு புள்ளி. பர்மாவில் பத்து வட்டிக்கடை வைத்திருந்தவனும் ஒரு புள்ளி, அவன் கடையில் பெட்டியடிப் பையனாக இருந்து வந்தவனும் ஒரு புள்ளி. புள்ளி வரி இருவருக்கும் ஒன்றே. வசதி உள்ளவர் உபயமென்று மேலே எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் ஊர்க் கணக்கில் ஒருவன் எத்தனை என்று கேட்டால் ஒன்று. வட்டிக்கு வட்டி பார்த்துப் பழகிய கூட்டம், மனுஷனை எண்ணும்போது மட்டும் சொத்தைக் கேட்காமல் எண்ணியது. நம் குலப் பிரிவுகளுக்குரிய ஒன்பது கோயிலைச் சுற்றி நாம் இத்தனை காலம் ஒரு கூட்டமாக நின்றதற்கு இந்தக் கணக்கு பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

போட்டி அப்போதும் இருந்தது. இல்லையென்று சொன்னால் கானாடுகாத்தானில் ஒரு தெரு நடந்துவிட்டு வரச் சொல்வேன். பக்கத்து வீட்டு முகப்பைவிட நம் முகப்பு அரை அடி உசரமாக இருக்க வேண்டும் என்று பர்மா தேக்கும் இத்தாலி மார்பிளும் பெல்ஜியம் கண்ணாடியும் கொண்டுவந்து இறக்கினவர்கள் நம் ஐயாக்கள். அந்த வீடுகளின் தூணும் நிலையும் இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைச்சீட்டோடு சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அது கிடக்கட்டும்.

ஆனால் போட்டிக்கு ஒரு வரப்பும் இருந்தது. ரங்கூனில் நம்மவர்கள் கடை வைத்துத் தங்கிய மொகல் தெருக் கிட்டங்கியைப் பற்றி என் ஐயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீளமான ஒரே கூடம். ஒரு கடைக்கு ஒரு பெட்டி, ஒரு பாய், முன்னால் சாய்வு மேசை. கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கடைக்காரர் உட்கார்ந்திருப்பார். இவர் பேரம் பேசுவது அவர் காதில் விழும். மத்தியானம் எல்லோருக்கும் ஒரே சமையல்காரர் சோறு. மாதம் ஒருமுறை அங்கிருந்த நம் கோயிலில் கூடி நடப்பு வட்டி என்னவென்று பேசி முடிப்பார்கள். போட்டியாளர்கள்தான். ஆனாலும் சாமி முன்னால் உட்கார்ந்து பேசின வட்டி. வரவில் ஒரு பங்கை மகமையென்று ஒதுக்கி சாமி பெயரில் பற்றுவரவு எழுதினார்கள். அந்தப் பணத்துக்கு இவ்வளவு கொடுத்தால் இன்ன நாற்காலி என்று யாரும் விலை போடவில்லை.

அப்படியானால் அவர்களுக்கு ஆசையே இல்லையா? இருந்தது. இதைப் பேசாமல் பெருமை மட்டும் பேசுவது எனக்குப் பிடிக்காது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். 1938-ல் அது 25 பங்கு. நடுவில் நெல் விலை படுத்துவிட்டது, கடன்காரக் குடியானவனால் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த வயல் நம் பக்கம் வந்து சேர்ந்தது. கத்தியைக் காட்டிப் பிடுங்கவில்லை, பத்திரமெல்லாம் முறையாகத்தான் இருந்தது. நம்மவர்களுக்கு வேண்டியதும் பணம்தான், வயல் இல்லை. ஆனால் எட்டு வருஷத்தில் உழுதவன் நிலம் இவ்வளவு கைமாறினால் அவன் யார் மேல் கோபப்படுவான்? 1942-ல் குண்டு விழுந்து நம்மவர்கள் நடந்தே திரும்பினார்கள். பர்மா சுதந்திரம் அடைந்த பிறகு நிலமும் போயிற்று. நாம் போனதைச் சொல்லி அழுகிறோம். ஐராவதி ஓரத்தில் அதே வயலை இழந்தவன் வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. அந்தக் காலத்துக் காசில் எழுந்த மண்டபங்களில் நம் விலாசம், அதாவது குடும்பத்து முன்னெழுத்துகள், செதுக்கி இருக்கிறது, அவன் பெயர் இல்லை. ஒரு கொடையை ஒரே ஒருவர் பெயரில் எழுதுவதில் இந்தக் கோளாறு எப்போதும் இருக்கிறது.

"பெயர் போட்டால் என்ன ஆச்சி கெட்டுப்போனது? வள்ளல் அழகப்பச் செட்டியார் பெயர் போடாத கட்டடம் காரைக்குடியில் உண்டா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்த வளாகத்துக் கல்லூரியில் படித்து வாத்தியாரம்மா ஆனவள் நான், அவரைக் குறைத்துப் பேச என் நாக்கு எழாது. 1947-ல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். பெயர் இருக்கிறது, ஆமாம். ஆனால் அந்த வாசலில் நின்று நீ எந்தப் புள்ளி, எவ்வளவு கொடுத்தாய் என்று யாரும் கேட்டதில்லை. புள்ளிக் கணக்கிலேயே வராத தெருக்களிலிருந்து வந்த பிள்ளைகள் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். அந்தப் பெயர் வாசலைத் திறந்து வைத்தது. உங்கள் அனுமதிச் சீட்டு அந்த வேலையைச் செய்யவில்லை.

ஏலத்தை நான் குறை சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையார் நோன்பு முடிந்து நகரத்தார் சங்கத்தில் உப்பையும் மஞ்சளையும் ஏலம் விடும்போது அந்தச் சிரிப்பும் சத்தமும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எடுத்தவர் உப்பை வீட்டுக்குக் கொண்டுபோகிறார், பணம் நல்ல காரியத்துக்குப் போகிறது, மறுநாள் யாருக்கும் மதிப்புக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

அதே நோன்பில் ஏலத்துக்கு முன்னால் நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஒரு நூல் எடுத்துச் சேர்த்த திரி, மாவில் வைத்து ஏற்றிய இழை. வீட்டுப் பெரியவர் எடுத்துக் கொடுக்க, ஒவ்வொருவரும் சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறோம். ஆளுக்கு ஒன்று. கோடீஸ்வரனுக்குப் பெரிய இழை கிடையாது. வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கு மட்டும் இரண்டு, ஒன்று அவளுக்கு, இன்னொன்று உள்ளே இருக்கிற பிள்ளைக்கு. இன்னும் பெயர் வைக்காத, ஒரு காசு சம்பாதிக்காத, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத உயிருக்கு நம் வீட்டில் ஒரு பங்கு உண்டு. மனுஷ மதிப்பு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் நான் இந்த இரண்டாவது இழையைத்தான் காட்டுவேன்.

ஆகவே பொதுக்கூட்டத்தில் நீங்கள் எடுத்துப் பேசச் சிலவற்றைக் கேட்கிறேன். வைரம், தங்கம் என்கிற தட்டுகளை எடுத்துவிடுங்கள். பெயர் போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் கொடுத்த எல்லோர் பெயரையும் தொகையில்லாமல் அகரவரிசையில் போடுங்கள், ஐநூறு ரூபாய் கொடுத்தவர் பெயரும் அதே அளவு எழுத்தில் வரட்டும். ஸ்தபதி, கொத்தனார், கல் சுமந்த சித்தாள் பெயர்களும் அதில் சேரட்டும். யாகசாலை முன்வரிசையில் எழுபது வயது தாண்டியவர்களை உட்காரவையுங்கள். பந்தியில் தனி அறை வேண்டாம், ஊரில் யார் வந்தாலும் ஒரே வரிசையில் இலை விழட்டும். கருங்கல்லில் ஏதாவது வெட்டியே ஆக வேண்டுமென்றால் திருப்பணி வரவு செலவை வெட்டுங்கள், பேரப்பிள்ளைகள் படிக்கட்டும். பணம் குறையுமா? முதல் தடவை குறையும் என்றுதான் நினைக்கிறேன். குறைந்தால் ஒரு ராஜகோபுர வர்ணம் இரண்டு வருஷம் தள்ளிப் போகும். போகட்டுமே.

கடைசியாக என் சொந்த வழக்கு. என் வீட்டுக்காரர் தவறிய பிறகு வரிப் புத்தகத்தில் நான் அரைப்புள்ளி. துணையை இழந்தவர் ஆணோ பெண்ணோ அரை என்று எழுதுவது பழைய வழக்கம், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அந்தக் காலத்தில் வருமானமில்லாத ஆச்சிகளுக்கு வரிச்சுமை குறையட்டும் என்று இரக்கத்தில் செய்திருப்பார்கள், எனக்கு அதில் கோபமில்லை. சுமை தாங்க முடியாதவருக்கு இன்றைக்கும் பாதி வரியே போதும், சிலருக்கு அதையும் தள்ளுபடி செய்யலாம். ஆனால் தொகையைக் குறைக்க ஆளைக் குறைத்து எழுத வேண்டியதில்லை. வரிக்கு ஒரு பத்தி, ஆளுக்கு ஒரு பத்தி என்று புத்தகத்தில் தனித்தனியாகக் கோடு போட்டால் தீர்ந்தது. எனக்கு ஓய்வூதியம் வருகிறது. இந்தக் கும்பாபிஷேகத்துக்கு முழு வரி கட்டுகிறேன், ஒன்று என்று எழுதிக்கொள்ளுங்கள். ரசீதை அஞ்சலில் அனுப்பினால் போதும், பொன்னாடை வேண்டாம்.

இப்படிக்கு,
காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருத்தி