விடை அட்டையில் 8, எங்கள் பிள்ளையின் நோட்டில் 19

பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் புனைகதை வினாடி வினாவை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். மே மாதம் பெரம்பூரில் நீங்கள் நடத்திய சுற்றில், ஒரு விண்கப்பலின் நீளம் பற்றிய ஏழாவது கேள்வியின்போது என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். மேடையில் இருந்த நான்கு பேரும் பார்த்தீர்கள், கூடிப் பேசினீர்கள், முடிவு சொன்னீர்கள். அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனால் கீழே உட்கார்ந்திருந்த எங்கள் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதைச் சொல்லவும் ஒன்று கேட்கவும்தான் இந்த மடல்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த சுற்றுக்கு முன்னால், உங்கள் கேள்வி அட்டைகளில் இருக்கும் ஒவ்வொரு கப்பலின் அளவையும் ஒருவர் நூலைத் திறந்து வைத்துச் சரிபார்க்க வேண்டும். அந்த எண் எந்த நூலில், எந்த ஆண்டில் வந்தது என்று அட்டையின் பின்பக்கம் எழுத வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறேன்.

"ஸ்டார் வார்ஸில் டார்த் வேடரின் தலைமைக் கப்பலான எக்ஸிக்யூட்டரின் நீளம் எவ்வளவு?" என்பது கேள்வி. ஸ்டார் வார்ஸ் விண்வெளிப் போர்க் கதைப் படவரிசை, டார்த் வேடர் அதில் வருகிற வில்லன். எங்கள் பிள்ளை எழுந்து 19 கிலோமீட்டர் என்றாள். அட்டையில் 8 கிலோமீட்டர் என்று இருந்தது. தவறு என்றீர்கள். 10 மார்க் போனது. கடைசியில் எங்கள் அணி 5 மார்க்கில் தோற்றது.

அவள் உடனே உட்காரவில்லை. "எந்தப் புத்தகத்துல சார் 8 போட்டிருக்கு?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள், குரலைக்கூட உயர்த்தவில்லை. உங்களில் ஒருவர் மைக்கில் சொன்னார்: "கார்டுல இருக்கிறதுதாம்மா விடை. கற்பனைக் கப்பல்தானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு சண்டை?" அரங்கம் சிரித்தது. அதற்குப் பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

ஐயா, 8 என்பது பொய் என்று நான் சொல்லவில்லை. அது பழைய எண். அந்தக் கப்பல் முதலில் வந்தது 1980-இல் வெளியான படத்தில். படத்தில் எந்தப் பாத்திரமும் அதன் நீளத்தைச் சொல்வதில்லை. அளவுகளெல்லாம் பிறகு வந்த நூல்கள் எழுதியவை. வேடரின் படையில் இருக்கிற சாதாரணப் போர்க்கப்பலான ஸ்டார் டெஸ்ட்ராயரின் நீளம் 1,600 மீட்டர். எக்ஸிக்யூட்டர் அதைப் போல் ஐந்து மடங்கு என்று வைத்துக்கொண்டு 8 கிலோமீட்டர் என்றார்கள். 1987-இலிருந்து வெஸ்ட் எண்ட் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு நூல்கள் அந்த எண்ணைப் பரப்பின. படத்தைக் கூர்ந்து பார்த்த ரசிகர்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டார் டெஸ்ட்ராயரின் முதுகில் நிற்கிற மேடைக் கோபுரம் எக்ஸிக்யூட்டரின் முதுகிலும் நிற்கிறது. அந்தக் கோபுரத்தை அளவுகோலாக வைத்து அளந்தால் ஐந்து மடங்கு வராது, ஏறக்குறைய 11 மடங்கு வரும். 11 மடங்கு என்றால் 17.6 கிலோமீட்டர். கர்ட்டிஸ் சாக்ஸ்டன் என்ற வானியற்பியலாளர் இதை வரிசையாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த ஆள் வெறும் ரசிகராக நின்றுவிடவில்லை, பிறகு 2002-இல் வந்த அதிகாரபூர்வமான கப்பல் விளக்க நூலையே அவரை வைத்து எழுதச் செய்தார்கள். நடுவில் 12.8 என்று ஓர் எண்ணும் வந்து போனது. இன்று அந்த உலகத்தின் உரிமையாளர்கள் ஏற்றுக்கொண்ட எண் 19. அதற்கும் மேலே, 2014 ஏப்ரலில், ஸ்டார் வார்ஸ் படங்களை எடுக்கும் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் பழைய நாவல்களையும் விளையாட்டு நூல்களையும் அதிகாரபூர்வக் கதையில் சேராதவை என்று 'லெஜண்ட்ஸ்' என்ற பெயரில் தனியாகப் பிரித்து வைத்துவிட்டது. நீங்கள் பிடித்துக்கொண்ட 8 அந்தப் பழைய அடுக்கைச் சேர்ந்தது.

ஆக, ஒரு கப்பலுக்கு நான்கு எண்கள். "1987 விளையாட்டு நூலின்படி" என்று கேள்வியில் மூன்று வார்த்தை இருந்திருந்தால் அவளே 8 என்று சொல்லியிருப்பாள். அவள் நோட்டில் நான்கு எண்களும் இருக்கின்றன.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு வெல்டிங் வேலை செய்கிறவன். சாயந்திரம் ஒரு சின்ன வாசிப்பறையைத் திறந்து வைக்கிறேன், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள். இந்தப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பு. கப்பல் என்றால் உயிர். எங்கள் அலமாரியில் இந்த மாதிரிப் புத்தகங்கள் கிடையாது, வாங்கும் விலையிலும் இல்லை. நகரத்தின் தெற்குப் பக்கம் இருக்கிற பெரிய நூலகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போவாள். அங்கேயும் அந்தப் புத்தகங்களை வீட்டுக்குத் தர மாட்டார்கள், உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். நான்கு சனிக்கிழமை போனாள். கப்பலின் பெயர், நீளம், நூல், ஆண்டு என்று கோடு போட்டு எழுதினாள். ஒரு நாள் டிரேசிங் பேப்பர் எடுத்துப் போய், படத்தில் இருந்த கோபுரத்தை வரைந்து வந்து, ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தாள். 'என்ன வருது?' என்று கேட்டேன். 'பதினொண்ணு வருது, கொஞ்சம் முன்னப் பின்ன' என்றாள்.

அன்று அவள் அப்பாவும் பெரம்பூருக்கு வந்திருந்தார். மற்ற மாதமாக இருந்தால் வந்திருக்க முடியாது, கடலில் இருந்திருப்பார். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளெல்லாம் கரையில் நிற்கின்றன. கையில் காசு குறைவாக இருக்கும், ஆனால் பிள்ளைகளோடு இருக்க முடிகிற காலம். துவைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் பேசியதில் பாதி அவருக்குப் புரியவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் புரிந்தது. என் பக்கம் திரும்பி, "இன்னாண்ணே, தப்பா சொல்லிட்டாளா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். வெளியே வந்து, டீக்கடை முன்னால் நின்று, கோபுரக் கணக்கை அவருக்கு விளக்கினேன். அவர் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "அதானேண்ணே! தூரத்துல போற படகு எத்தினி அடின்னு கேபினை வச்சுத்தானே நாங்க சொல்றோம்? கேபின் ஆள் உயரம், படகு அதுக்கு எத்தினி மடங்குன்னு கண்ணே சொல்லிடும்" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "நீ சரியாத்தான் அளந்திருக்க" என்றார். அவள் அப்போதுதான் அழுதாள்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல நினைத்தேன். கற்பனைக் கப்பல்தானே என்று மைக்கில் சொன்னீர்கள். கப்பல் கற்பனைதான், அவள் அளந்தது கற்பனை இல்லை. ஒரு கூற்றைக் கேட்டால் அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போகிற பழக்கம் அவளுக்கு இந்தக் கப்பல்களால்தான் வந்தது. எங்கள் வாத்தியார்களும் நானும் சொல்லி வராதது அது.

எங்கள் கரையில் நிஜப் போர்க்கப்பல் கதையும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் வந்து துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. 118 மீட்டர்க் கப்பல், சுமார் 130 குண்டுகள். என் தாத்தா அதையே ஆயிரம் குண்டு என்பார், அவர் அப்பா சொன்னதாக. சின்ன வயதில் நான் அதை நம்பினேன், பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். உயர் நீதிமன்ற மதிலில் இருக்கிற நினைவுக் கல்லைப் பார்த்த பிறகுதான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. எனக்கு அப்போது முப்பது வயது. இந்தப் பிள்ளைக்குப் பதினான்கு வயதிலேயே தோன்றியிருக்கிறது. அதற்கு நீங்கள் கொடுத்தது 'தவறு'.

அந்த ஒரு கேள்வி மட்டும் என்றாலும் விட்டிருப்பேன். பதினோராவது கேள்வி, அதே ஸ்டார் வார்ஸில் வருகிற மில்லினியம் ஃபால்கன் எந்த வகைப் போர்க்கப்பல் என்று. அது போர்க்கப்பலே இல்லை, கதையில் கொரெல்லியன் இன்ஜினியரிங் என்ற நிறுவனம் கட்டிய சரக்குக் கப்பல். கடத்தல்காரர் கையில் வந்த பிறகு துப்பாக்கி கூட்டினார்கள். அந்தக் கேள்விக்கு எந்த அணியும் பதில் சொல்லவில்லை, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அட்டையை யாரும் சரிபார்க்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதிப் பிள்ளைகள் மேடை ஏறிக் கேள்வி கேட்டால் அதைச் சண்டை என்றே காதில் வாங்குகிறார்கள். வேறு பகுதியிலிருந்து வந்த பையன் ஒருவன் நான்காவது கேள்விக்கு மறுப்புச் சொன்னபோது நீங்கள் போனை எடுத்துப் பார்த்துவிட்டு மார்க் கொடுத்தீர்கள். சரியான காரியம்தான் செய்தீர்கள். அதே இரண்டு நிமிடம் காசிமேட்டுப் பிள்ளைக்கு ஏன் இல்லை? பஸ்ஸில் திரும்பும்போது அவளே என்னிடம் கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, கோபம் போதும். கோப்பையைத் திருப்பிக் கேட்கவில்லை. ஜெயித்த பிள்ளைகளும் நன்றாகப் படித்து வந்தவர்கள்தான், அவர்களிடமிருந்து எதையும் பிடுங்க வேண்டாம். நான் கேட்பது முதலில் சொன்னதுதான்: அடுத்த சுற்றின் அட்டைகளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் நூலின் பெயரும் ஆண்டும் இருக்கட்டும். இரண்டு நூல்கள் இரண்டு எண் சொன்னால், எந்த நூலின்படி என்று கேள்வியிலேயே வரட்டும். ஒரு பிள்ளை ஆதாரம் கேட்டால் அட்டையைத் திருப்பிக் காட்டுங்கள். சரிபார்க்க ஆள் போதவில்லை என்றால் சொல்லுங்கள். அவள் நோட்டில் 60-க்கும் மேல் கப்பல்கள் இருக்கின்றன, நூலும் ஆண்டும் போட்டு. நகல் எடுத்துத் தருகிறேன்.

கூடவே, தயவுசெய்து ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஏழாவது கேள்விக்கு 19 என்ற விடையும் சரி என்று. உங்களில் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

முடிந்தால் அதை ஜூன் 14-க்குள் அனுப்புங்கள். அன்றோடு தடை முடிகிறது, அவள் அப்பா கடலுக்குக் கிளம்பிவிடுவார். அதற்கு முன்னால் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
காசிமேட்டில் மாலை வாசிப்பறை நடத்தும் வெல்டர்